குலுக்கலின் சரித்திரம்

சைக்கிளில் நெடுந்தூரம் போய்ப் பழகியவர்களுக்குப் பாதையின் குணத்தைக் கண் சொல்வதற்கு முன்பே உள்ளங்கை சொல்லிவிடும். ஹேண்டில்பாரைப் பற்றிய கை, சீட்டில் அமர்ந்த இடுப்பு, பெடலில் ஊன்றிய பாதம் ஆகிய மூன்று ஸ்தானங்களின் வழியாகத்தான் அந்த யந்திரம் தன்மேல் ஏறியவனோடு சம்பாஷிக்கிறது. அவன் கொடுக்கும் உழைப்பு கீழே இறங்குவதும், சாலை கொடுக்கும் அடி மேலே ஏறுவதும் அதே வாயில்கள் வழியாகத்தான். ஆகவே, செலுத்திய உழைப்புக்கு எவ்வளவு வேகம் கிடைத்தது என்ற கேள்வியும், அந்த வேகத்தை உடல் எவ்வளவு சௌகரியமாகத் தாங்கிற்று என்ற கேள்வியும் மேலுக்கு வேறு வேறாகத் தோன்றினாலும், ஒரே கணக்கின் வரவும் செலவுமே ஆகும். இந்த உண்மை சைக்கிள் உலகத்துக்கு ஆதியில் தெரிந்திருந்தது. பிறகு நெடுங்காலம் மறந்துபோயிற்று. இயக்கத்தை அளக்கும் கருவி நகக்கண் அளவுக்குச் சிறுத்த பிறகே மீண்டும் நினைவுக்கு வந்தது. அது எப்படி மறந்தது, எப்படித் திரும்பியது என்பது சற்று விரிவாகவே சொல்லத் தக்க கதை.

குலுக்கலை வாயால் வர்ணிப்பதை விட்டு, அதுவே தன்னைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்ற எண்ணம் பெடல் வைத்த சைக்கிளுக்கும் முந்தியது. இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயை நிர்மாணித்த புரூனல், மற்றக் கம்பெனிகள் கைக்கொண்டிருந்த 4 அடி 8½ அங்குல இடைவெளியைத் தள்ளிவிட்டு, 7 அடிக்கும் சற்று மேற்பட்ட இடைவெளியில் தண்டவாளங்களைப் பதித்தபோது, அந்த அகலப் பாதையினால் லாபமா நஷ்டமா என்று பங்குதாரர்களுக்குள்ளே பெரிய வாக்குவாதம் மூண்டது. அப்போது, கணிக்கும் யந்திரங்களை வகுத்தவர் என்று இன்று உலகம் கொண்டாடுகிற சார்லஸ் பாபேஜ், 1839-ஐ ஒட்டி, பரிசோதனைக்கென்று ஒரு ரயில் பெட்டியைப் பெற்று, பெட்டியின் ஆட்டம் தன்னைப் பாதிக்காதபடி தனியே தாங்கி நிறுத்திய நீண்ட மேஜை ஒன்றை அதற்குள் அமைத்து, அதன்மேல் மிக நீளமான காகிதச் சுருள் ஒன்று ஓடும்படி செய்தார். சுருளின் மேல் பேனாக்கள் வரிசையாகத் தொட்டுக்கொண்டிருந்தன. ஒன்று இழுவிசையை எழுதிற்று, ஒன்று பெட்டியின் நடுப்பகுதி மேலும் கீழும் குலுங்குவதை எழுதிற்று, வேறொன்று பக்கவாட்டு ஆட்டத்தை எழுதிற்று, கடிகாரத்தோடு இணைந்த ஒரு பேனா அரை விநாடிக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தது. பிரயாணிகளின் முணுமுணுப்பும் எஞ்சினியர்களின் பிடிவாதமுமாக இருந்த ஒரு விஷயம், வளைந்து நெளியும் நான்கைந்து மைக்கோடுகளாகிச் சபையின் முன் விரிக்கப்பட்டது. பிரயாணத்தின் சௌகரியம் என்பது அளக்கக்கூடிய ஒரு வஸ்து என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சியம் நான் அறிந்தவரை இல்லை.

பாபேஜ் பெட்டியின் ஆட்டத்தை எழுதினார். அந்த ஆட்டத்தை அனுபவிக்கும் உடலையே எழுதுகோலாக்கியவர் பிரான்ஸ் தேசத்துச் சரீர சாஸ்திரி எத்தியேன்-ஜூல் மாரே. 1873-ல் வெளியான 'விலங்கு யந்திரம்' என்ற அவருடைய நூலில் வரும் சித்திரங்களைக் கூர்ந்து பார்க்கிறவர்களுக்கு, இன்றைய சென்ஸார்களின் பாட்டனாரைப் பார்ப்பதுபோன்ற ஆனந்தம் உண்டாகும். ஓடுகிறவன் ஒருவன் காலில் விசேஷமான செருப்பு அணிந்திருக்கிறான். அதன் ரப்பர் அடியில் காற்று அடைத்த சிறிய அறை இருக்கிறது. பாதம் தரையில் ஊன்றுந்தோறும் அந்தக் காற்று அழுந்தி, மெல்லிய குழாய் வழியே மேலேறி, அவன் கையில் பிடித்திருக்கும் சிறு முரசின் ரப்பர்த் தோலை உப்ப வைக்கிறது. தோலின்மேல் நிற்கும் நெம்புகோலின் முனை, சுழலும் உருளையில் சுற்றிய கரிபிடித்த காகிதத்தில் ஒரு மேட்டைக் கீறுகிறது. இதைவிட அபூர்வமானது அவன் தலைமேல் வைத்திருக்கும் சாதனம். அதுவும் ஒரு முரசுதான். ஆனால் அதன் நெம்புகோலில் ஓர் ஈயத்துண்டு கட்டப்பட்டிருக்கிறது. தலை திடீரென்று மேலே எழும்போது ஈயம் தன் ஜடத்துவத்தினால் பின்தங்கிக் காற்றை அமுக்கும். தலை இறங்கும்போது ஈயம் இறங்கத் தாமதித்துக் காற்றைத் தளர்த்தும். அசைகிற உடலோடு ஒரு கனத்தைக் கட்டி, அது பின்தங்கும் அளவைக்கொண்டு அசைவின் உக்கிரத்தைக் கணிப்பது என்ற அந்தத் தத்துவம் இன்றுவரை மாறவில்லை. ஈயம் இருந்த இடத்தில் சிலிக்கானும், காற்றுக்குழாய் இருந்த இடத்தில் மின்சாரமும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இனிச் சைக்கிளுக்கு வருவோம். 1817 ஜூன் 12 அன்று மன்ஹைம் நகரிலிருந்து கார்ல் ஃபான் டிரைஸ் பிரபு காலால் தரையை உந்தி ஓட்டிச் சென்ற மரவண்டியில் பெடலும் இல்லை, செயினும் இல்லை. 1860-களில் பாரிஸ் நகரத்தில் முன்சக்கரத்துக்குப் பெடல் பூட்டிய வண்டிகள் வந்தபோது, மரச்சக்கரமும் அதன்மேல் இரும்புப் பட்டையுமாகக் கல்பாவிய தெருக்களில் உருண்ட அவற்றுக்கு ஆங்கிலேயர் எலும்பாட்டி என்ற பொருளில் பெயரிட்டார்கள். அந்தப் பெயரில் மிகை ஏதுமில்லை. பிறகு கெட்டி ரப்பர் டயர் வந்தது. உயரமான முன்சக்கரம் கொண்ட வண்டி வந்தது. சிறிய சக்கரங்கள் இரண்டும் சமமான சேஃப்டி சைக்கிள் வந்தது. சக்கரம் சிறுத்தவுடன் சாலைக் குழிகளின் அடி பெருத்தது. அதற்குப் பரிகாரமாக, 1885-ல் லண்டனில் லின்லி, பிக்ஸ் என்ற இருவரின் கம்பெனி 'விப்பெட்' என்ற வண்டியைச் செய்து விற்றது. அதில் சீட்டு, ஹேண்டில்பார், பெடல் மூன்றையும் தாங்கும் பகுதி ஒரு வலிய சுருள்வில்லின் மூலம் மற்றச் சட்டத்திலிருந்து பிரித்துத் தொங்கவிடப்பட்டிருந்தது. உடல் யந்திரத்தைத் தொடும் மூன்று இடங்களையும் ஒருசேரக் காப்பாற்ற வேண்டும் என்ற அந்த வகுப்பு எவ்வளவு நுட்பமானது என்பதை எண்ணும்போது, அதைச் செய்தவர்களிடம் நமக்கு மரியாதை உண்டாகாமல் இராது. நம் நாட்டுச் சாலைகளில் தலைமுறை தலைமுறையாக ஓடிய கறுப்பு ஹெர்குலிஸ் வண்டிகளின் தோல் சீட்டுக்கடியில் இருந்த இரட்டைச் சுருள்வில் அந்த யுகத்தின் வம்சாவளியைச் சேர்ந்ததே.

ஆனால் வில் வைத்த சட்டங்களை ஒரே வீச்சில் வழக்கொழியச் செய்த பொருள் காற்று. 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்று, குதிரை வண்டிகளில் பூட்டி, இழுவிசை எவ்வளவு குறைகிறது என்பதை அளந்தும் காட்டியிருந்தார். கரடுமுரடான பாதையில்தான் லாபம் மிகுதி என்பதும் அவர் பரிசோதனைகளில் வெளிப்பட்டது. உலகம் அதை மறந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பெல்ஃபாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப், தாம்ஸனைப் பற்றி அறியாமலே அதே பொருளை மீண்டும் கண்டுபிடித்தார். தம் சிறுவன் ஓட்டிய மூன்று சக்கர வண்டியின் குலுக்கலைக் குறைக்க விரும்பிய அவர், ஒரு மரத்தட்டின் விளிம்பில் மெல்லிய ரப்பர்க் குழாயை லினன் துணியால் சுற்றிக் கட்டிக் காற்றடைத்து, அதையும் அந்த வண்டியின் கெட்டி ரப்பர்ச் சக்கரம் ஒன்றையும் தம் முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டிச் சக்கரம் பாதி வழியில் தளர்ந்து சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தின் கோடிவரை ஓடி, வாயிற்கதவில் மோதித் திரும்பி வந்தது. வேகத்துக்கும் சௌகரியத்துக்கும் உள்ள சம்பந்தத்தை இதைவிட எளிமையாக நிரூபித்த பரிசோதனை வேறில்லை. 1888-ல் அவர் உரிமை பெற்றார். மறு ஆண்டு மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்தப் பருத்த டயர்களைப் பூட்டிக்கொண்டு வந்தபோது கூட்டத்தார் நகைத்தார்கள்; பந்தயங்கள் முடிந்தபோது நகைப்பும் முடிந்தது. மென்மையே விரைவு என்பது அன்று பிரத்தியட்சமாயிற்று.

அந்தத் தலைமுறையினர் அதோடு நிற்கவில்லை, காரணத்தையும் தேடினார்கள். அமெரிக்காவில் ஆர். பி. ஸ்காட் 1889-ல் வெளியிட்ட நூலில், பெடலின்மேல் கால் செலுத்தும் அமுக்கத்தைக் காகிதத்தில் வரையும் கருவியொன்றை விவரித்திருக்கிறார். 1896-ல் பிரான்ஸில் பூனி என்பவர் பெடலுக்குள்ளேயே பதிவுக் கருவியை அமைத்து, ஒவ்வொரு சுழற்சியிலும் கால் செய்யும் வேலையைக் கணக்கிட்டார். அதே ஆண்டு லண்டனில் ஆர்ச்சிபால்ட் ஷார்ப் எழுதிய பெரிய நூல், சைக்கிளின் இயக்க சாஸ்திரத்தை அக்காலத்தில் அறிந்திருந்த அளவுக்கு முழுமையாகத் திரட்டித் தந்தது. சாலையின் பக்கத்திலிருந்து இதே கேள்வியை அணுகியவர், டன்லப்பின் ஊருக்கு அருகேயே வாழ்ந்த ஜான் பிரவுன். அவர் வகுத்த 'வயாகிராஃப்' என்ற கருவி ஒரு நீண்ட நேர்ச்சட்டம். அதைத் தரையோடு இழுத்துச் செல்லும்போது, நடுவில் உள்ள சிறு சக்கரம் மேடு பள்ளங்களுக்கேற்ப ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை ஓடும் காகிதத்தில் பென்சில் வரைய, ஒரு மைலுக்குள் சாலை எத்தனை அடி மேலும் கீழும் போயிற்று என்பது மொத்தத் தொகையாகக் கிடைக்கும். சாலையின் குணதோஷத்தை ஓர் எண்ணாகச் சொல்லிப் பராமரிப்பவர்களிடம் கணக்குக் கேட்கலாம் என்ற எண்ணம் அன்றே தோன்றிவிட்டது.

இவ்வளவும் கையில் இருந்தும் இருபதாம் நூற்றாண்டு வேறு திசையில் திரும்பிற்று. சாலைகள் தார் பூசி வழவழப்பாயின, பந்தயங்கள் வளர்ந்தன, டயரின் உருளும் தடையை அளக்க விரும்பியவர்கள், மழமழப்பான எஃகு உருளை ஒன்றின்மேல் சக்கரத்தை அழுத்திச் சுழற்றிப் பார்த்தார்கள். அந்த உருளையில் காற்றழுத்தம் ஏற ஏறத் தடை குறைந்துகொண்டே போகும். ஏனெனில் அங்கே குலுக்குவதற்குக் கல்லும் இல்லை, குலுங்குவதற்கு உடலும் இல்லை. வேலையை விழுங்கும் இரு பொருள்களையும் பரிசோதனைச் சாலைக்கு வெளியே நிறுத்திவிட்டுச் செய்த முடிவு, வீரர்களின் வேதமாயிற்று. டயர்கள் 23 மில்லிமீட்டருக்கும், சில 19 மில்லிமீட்டருக்கும் ஒடுங்கின; ஊசி குத்தினால் வெடிக்குமோ என்று அஞ்சும்படி காற்றடைத்தார்கள். வண்டி கைக்குள் விறுவிறுவென்று அதிர்வதையே விரைவின் அடையாளமாக உடல் ஏற்றுக்கொண்டது. அனுபவத்தைப் பழிப்பது என் நோக்கமல்ல. ஆனால் அனுபவம் அதிர்வின் மிகுதியை உணரவல்லது, அந்த அதிர்வுக்காகத் தான் கொடுத்த விலையை உணரவல்லதன்று. பிரான்ஸில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் டி விவி போன்ற யாத்திரிகர்கள் அகன்ற, மென்மையான டயர்களின் பெருமையை இடைவிடாமல் எடுத்துச் சொன்னார்கள். அதைச் சுற்றுலா செல்வோரின் சுகபோகம் என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

இதற்கிடையே, சைக்கிளோடு சம்பந்தமே இல்லாத இடங்களில், மனித உடல் அதிர்வை எவ்வாறு ஏற்கிறது என்ற விஞ்ஞானம் உருவாகிக்கொண்டிருந்தது. 1918-ல் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், இந்தியானா மாகாணத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் காற்றுச் சுத்தியல் பிடித்த தொழிலாளர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை ஆராய்ந்து எழுதினார். 1931-ல் ஜெர்மனியில் ரைஹர், மைஸ்டர் இருவரும் அதிரும் மேடையில் மனிதர்களை நிற்கவும் படுக்கவும் வைத்து, எந்த அளவு உணரப்படுகிறது, எந்த அளவு தொல்லையாகிறது என்று வரம்புகள் வரைந்தார்கள். 1960-களில் அமெரிக்க ராணுவத்தின் டாங்கி ஆராய்ச்சிப் பிரிவில் பிராட்கோ, லீ என்ற ஆய்வாளர்கள் ஒரு புதிய கேள்வி கேட்டார்கள்: கரட்டு நிலத்தில் டாங்கி ஓட்டுகிறவன் ஏன் ஓர் எல்லைக்கு மேல் வேகம் போக மறுக்கிறான்? அவன் உடல் அந்தக் குலுக்கலிலிருந்து விநாடிதோறும் உறிஞ்சும் சக்தியே காரணம் என்று கண்டு, தொடர்ந்து தாங்கக்கூடிய எல்லையாக 6 வாட் என்ற அளவைக் குறித்தார்கள். எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் ஆணிவேராகத் தோன்றுவது இதுதான். குலுங்குகிற உடல் சும்மா குலுங்கவில்லை. தசைகளும் திசுக்களும் ஒன்றோடொன்று உராய்ந்து அந்த அசைவை உஷ்ணமாக மாற்றுகின்றன. அந்த உஷ்ணத்துக்குரிய சக்தியை எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். டாங்கியில் அதை எஞ்சின் கொடுக்கிறது. சைக்கிளிலோ அதே உடலின் கால்கள்தான் கொடுக்க வேண்டும். ஒரு சாமானிய ஓட்டுநர் நெடுநேரம் தரக்கூடிய திறன் 100 வாட்டைச் சுற்றியே இருக்கையில், சில வாட் என்பது அலட்சியம் செய்யத் தக்க தொகையன்று.

1974-ல் சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் ஐ.எஸ்.ஓ. 2631 என்ற விதியை வெளியிட்டது, 1997-ல் திருத்தியது. உட்கார்ந்த உடல் எல்லா அதிர்வையும் சமமாகக் கொள்வதில்லை. மேலும் கீழுமான அசைவில் விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுகளே குடலையும் முதுகையும் அதிகம் வருத்துகின்றன. கைகளுக்கோ 8 முதல் 16 வரையிலானவை முக்கியம். ஆகவே, கருவி தரும் எண்களை அந்தந்த அதிர்வெண்ணின் கொடுமைக்கேற்ப எடைபோட்டு, வர்க்கித்துச் சராசரி கண்டு மூலம் எடுத்தால் ஒரு தொகை வரும். அத்தொகை 0.315 மீட்டர்/விநாடி² அளவுக்குள் இருந்தால் தொல்லையில்லை, 2-ஐத் தாண்டினால் கடுந்தொல்லை என்பது விதி. கருவியால் வந்த கணக்கானாலும், வாகனங்களில் அமர்ந்த மனிதர்கள் சொன்ன அபிப்பிராயமே அதன் அடித்தளம். சீட்டில் பாதி, பெடலில் பாதி என்று எடையைப் பகிர்ந்து நிற்கும் சைக்கிள்காரனுக்கு அது அப்படியே பொருந்துமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

கருவிகளின் வளர்ச்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1920-களில் அமெரிக்கத் தர நிர்ணயக் காரியாலயத்தில் மெக்காலம், பீட்டர்ஸ் இருவரும் அசைவின் முடுக்கத்தை அளக்கச் செய்த முடுக்கமானியில், கரி வளையங்களின் அடுக்கு அமுங்கும்போது மின்தடை மாறும். அது சுமார் ஒரு பவுண்டு எடை, ஒரு சாண் நீளம். 1938-ல் இம்மியளவு வளைவையும் மின்தடையாகச் சொல்லும் மெல்லிய கம்பித் துண்டைச் சிம்மன்ஸ், ரூகே இருவரும் தனித்தனியே கண்டார்கள். 1943-ல் டென்மார்க்கில் பெர் புரூயல், அழுத்தினால் மின்சாரம் தரும் படிகத்தைக்கொண்டு முடுக்கமானி செய்து விற்பனைக்குக் கொணர்ந்தார். 1979-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ராய்லன்ஸ், ஏஞ்சல் இருவரும் சிலிக்கான் சில்லிலேயே அதைச் செதுக்கினார்கள். 1990-களில் மோட்டார் கார் மோதும் கணத்தில் காற்றுப்பையை விரிக்க இச்சில்லுகள் கோடிக்கணக்கில் தேவைப்பட்டதால் விலை சரிந்தது. பிறகு அவை கைபேசிகளுக்குள் குடியேறின. சைக்கிளுக்கென்று எவரும் அதைச் செய்யவில்லை. விலை குறைந்ததால் சைக்கிளுக்கும் அது எட்டிற்று.

உழைப்பை அளக்கும் கருவி இதற்குச் சற்று முன்னதாகவே சைக்கிளை அடைந்திருந்தது. 1986-ல் ஜெர்மனியில் உல்ரிக் ஷோபெரர், கிராங்க் பாகத்துக்குள் அந்த வளைவுக் கம்பிகளைப் பதித்து, திருகுவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி, ஓட்டுநரின் திறனை வாட் கணக்கில் காட்டும் எஸ்.ஆர்.எம். கருவியைச் செய்தார். பூனி காகிதத்தில் வரைந்தது ஹேண்டில்பாரிலேயே எண்ணாகத் தெரிந்தது. வரவு தெரிந்துவிட்டது, செலவில் எவ்வளவு காற்றுக்கு, எவ்வளவு ஏற்றத்துக்கு, எவ்வளவு குலுக்கலுக்கு என்ற பிரிவினைதான் பாக்கி. 2005-ஐ ஒட்டி அமெரிக்காவில் வந்த ஐபைக் என்ற சாதனம், முடுக்கமானி, காற்றழுத்த உணரி, வேக உணரி மூன்றையும் சேர்த்து இந்தப் பிரிவினைக்கு முயன்றது. அதில் ஒரு ரசமான சங்கடம் உண்டு. ஏற்றத்தில் சாய்ந்து நிற்கும் வண்டியும், சமதரையில் வேகம் கூடும் வண்டியும் முடுக்கமானிக்கு ஒன்றே. புவியீர்ப்பையும் முடுக்கத்தையும் அது பிரித்தறியாது. சக்கரத்தின் வேகத்திலிருந்து உண்மையான முடுக்கத்தைக் கண்டு கழித்தால்தான் மீதி சாய்வாக நிற்கும்.

குலுக்கலின் கேள்வியை மறக்க முடியாதபடி வைத்திருந்த இடம் ஒன்று உண்டு. 1896 முதல் வட பிரான்ஸில் நடந்துவரும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில், மொத்தத்தில் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலாகப் பழைய கல்பாவிய பண்ணைப் பாதைகளைக் கடக்க வேண்டும். 1992-லும் 1993-லும் ஜில்பேர் டுக்லோ-லஸால், மலைச் சைக்கிளுக்கென்று பிறந்த அதிர்வுதாங்கி ஃபோர்க்கைப் பூட்டிக்கொண்டு அங்கே வென்றார். 1994-ல் ஆந்திரேய் ச்மீலும் அவ்வாறே வென்றார். மூன்று ஆண்டு வெற்றிக்குப் பிறகும் அந்த ஃபோர்க் கைவிடப்பட்டது. கனம் என்றார்கள், சக்தி விரயம் என்றார்கள். அளந்து பார்த்துத் தள்ளியதாகத் தெரியவில்லை.

ஓட்டுநரின் உணர்வு எவ்வளவு நம்பத் தக்கது என்பதற்கு 1996-ல் ஓர் அமெரிக்க சைக்கிள் இதழ் செய்த சோதனையைச் சொல்ல வேண்டும். இத்தாலியக் கைவினைஞர் ஆன்டோனியோ மொண்டோனிகோ, வெவ்வேறு தரமான எஃகுக் குழாய்களைக்கொண்டு, அளவும் வர்ணமும் ஒன்றான ஏழு சட்டங்களைச் செய்து கொடுத்தார். விலையிலும் கீர்த்தியிலும் மலைக்கும் மடுவுக்குமான அந்தக் குழாய்களைத் தேர்ந்த ஓட்டுநரால் ஓட்டத்தில் இனம் பிரிக்க முடியவில்லை. இது வியப்பன்று. முக்கோண அமைப்புள்ள சட்டம் செங்குத்தாக அமுங்குவது மிகமிகச் சொற்பம். அதே அடிக்கு டயர் பல மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுக்கும்.

இந்தக் குழப்பத்தினிடையே பொறுமையாக உட்கார்ந்து அளந்தவர்கள் கனடாவில் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்து வேலுஸ் ஆராய்ச்சிக் குழுவினர். 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் இவான் ஷம்பூ, ஜான்-மார்க் துரூயே முதலியோர், பிரேக் பிடியிலும் சீட்டுத் தண்டிலும் விசை உணரிகளைப் பதித்து, அவற்றின் அருகே முடுக்கமானிகளையும் ஒட்டினார்கள். ஓடும் பட்டையின்மேல் ஒரு மரக்குச்சியை ஒட்டிவிட்டு, அதன்மேல் சைக்கிளை ஓட்டச் செய்தார்கள். சுற்றுதோறும் அதே குச்சி, அதே அடி. சாலையில் செய்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் சக்கரம் வேறு கல்லில் ஏறும் என்பதே இந்த ஏற்பாட்டின் காரணம். கையில் படும் விசையையும் கை அசையும் வேகத்தையும் பெருக்கினால், கை உறிஞ்சிய திறன் கிடைக்கும். டாங்கி ஆராய்ச்சியின் அதே கணக்கு. உள்ளங்கைக்கு வரும் அதிர்வை அதிகம் நிர்ணயிப்பவை ஃபோர்க்கும் ஹேண்டில்பாரும். இடுப்புக்கு வருவதில் சக்கரங்களுக்கும் சட்டத்துக்கும் பங்கு மிகுதி என்று கண்டார்கள். இன்னொன்றும் தெரிந்தது: ஓட்டுநர் கையை இறுக்கினாலோ, முன்னால் சற்றே அதிகமாகச் சாய்ந்தாலோ எண்கள் மாறிவிடுகின்றன. அளக்கப்படும் யந்திரத்தில் உடலும் ஓர் உறுப்பாதலால், இருவர் ஒரே வண்டியை ஓட்டினால் அது இரு வண்டியாகிவிடுகிறது.

இத்தகைய அளவையில் விழிப்பு வேண்டிய இடம் ஒன்று உண்டு. மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 8.3 மீட்டர், 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கல் பதித்த பாதையில் அந்த வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 55 அடிகள் விழும். கருவி விநாடிக்கு 100 தடவை மட்டும் பார்த்தால், அந்த 55 அதிர்வு பொய்யாக 45 என்று காணப்படும். அதனால்தான் ஆய்வுக்கூடங்கள் விநாடிக்குப் பல நூறு, ஆயிரம் தடவை பதிகின்றன. சட்டைப்பையில் இட்ட கைபேசி காட்டும் கோட்டை ஹேண்டில்பாரின் கோடாக எண்ணுகிறவர்கள், பையின் துணியையும் தொடையின் தசையையும் சேர்த்தே அளக்கிறார்கள்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்திலிருந்து 'பைசைக்கிள் குவார்ட்டர்லி' என்ற இதழை நடத்திய யான் ஹைனே, தூங்கிவிடும் ஓட்டுநர்களை எழுப்ப நெடுஞ்சாலை ஓரத்தில் பள்ளமிட்ட வரிகளின்மேல் ஒரு தடவையும், அருகிலேயே வழவழப்பான தாரின்மேல் ஒரு தடவையும் அதே வேகத்தில் சைக்கிளை ஓட்டச் செய்து, திறன் கருவியின் எண்களை ஒப்பிட்டார். வேறுபாடு சொற்பமாக இல்லை. குலுக்கல் தின்ற சக்தி அப்பட்டமாகத் தெரிந்தது. அகன்ற மெல்லிய டயர் வேகத்தில் பின்தங்குவதில்லை என்று அவர் முடிவு கட்டியதைப் பலர் முதலில் எள்ளினார்கள். ஆனால் பந்தயச் சக்கரங்களைச் செய்கிறவர்களே கல்பாதைகளில் அளந்தபோது, காற்றழுத்தம் ஓர் எல்லைவரை உயர்ந்தால் தடை குறைவதும், அந்த எல்லையைத் தாண்டினால் திடீரென்று ஏறுவதும் புலப்பட்டது. சாலை கரடாக ஆக அந்த எல்லை கீழே இறங்கிக்கொண்டே வந்தது. எஃகு உருளையில் ஒருபோதும் தென்படாத வளைவு அது. பந்தய வண்டிகளின் டயர் 25 ஆயிற்று, 28 ஆயிற்று. இன்று 30 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் சாமானியம். சீட்டுத் தண்டு சட்டத்திலிருந்து விலகி அசைய இடம் கொடுக்கும் டிரெக் டொமானே வண்டி 2012-ல் வந்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே வில் வைத்த ஸ்பெஷலைஸ்டு ரூபே பிறகு வந்தது. ஓட்டுநரின் தொடுவாயில்களை மற்றச் சட்டத்திலிருந்து பிரித்துத் தொங்கவிட வேண்டும் என்ற விப்பெட்டின் கொள்கை, கரியிழைச் சட்டத்தில் மறுபிறவி எடுத்தது.

பிரான்ஸில் ரீம்ஸ் பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, கல்பாதையில் ஓட்டுநரின் கைக்கு வரும் அதிர்வைத் தொழிலாளர் பாதுகாப்பு வரம்புகளோடு ஒப்பிட்டது. ஐரோப்பிய சட்டப்படி எட்டு மணி நேர வேலைக்குக் கை தாங்கத் தக்க உச்ச அளவு 5 மீட்டர்/விநாடி²; கல்பாவிய பாதையில் அந்த நாள் முழுவதற்குரிய பங்கு வெகு விரைவில் தீர்ந்துவிடுகிறது. குவாரித் தொழிலாளியின் விரலுக்காகத் தொடங்கிய விசாரணை, சைக்கிள் வீரனின் விரலை வந்தடைந்தது இப்படித்தான். பந்தய வீரன் ஆண்டுக்கு ஒரு நாள் அதைச் சகிக்கலாம். தினந்தோறும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் சைக்கிளில் போகிற சாமானியருக்கு என்ன பரிகாரம்?

அதற்கு விடை தேடியவர்கள் நெதர்லாந்தின் சைக்கிள் ஓட்டுவோர் சங்கத்தார். 2000-ல் அவர்கள் தொடங்கிய 'ஃபீட்ஸ்பாலன்ஸ்' என்ற திட்டத்தில், உணரிகள் பூட்டிய அளவைச் சைக்கிள் ஒன்று நகரம் நகரமாக ஓட்டப்பட்டது. வழியில் எத்தனை தடவை நிற்க நேர்ந்தது, எவ்வளவு இரைச்சல், எவ்வளவு அதிர்வு என்பதெல்லாம் பதிவாயின. ஜான் பிரவுனின் நேர்ச்சட்டம் செய்ய விரும்பியதை, மனிதன் ஏறிய சைக்கிளே செய்தது. அந்த நாட்டில் சைக்கிள் பாதைகளுக்குச் சதுர சிமெண்டு ஓடு பதிப்பது பழைய வழக்கம். பூமிக்கடியில் செல்லும் குழாய்களையும் கம்பிகளையும் பழுதுபார்க்க ஓடுகளைப் பெயர்ப்பது எளிது என்பதால் நகராட்சிகள் அதை விரும்பின. ஓடுகளின் ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் அடிவாங்குவதையும், காலம் செல்லச் செல்ல ஓடுகள் சாய்ந்து அந்த அடி பெருகுவதையும் சைக்கிள்காரர்கள் வெகுநாளாகச் சொல்லி வந்தார்கள். அந்த முறையீட்டோடு அதிர்வின் எண்களையும் சேர்த்து நகரசபைகளின் முன் வைத்து, ஓட்டுக்குப் பதில் தார் வேண்டும் என்று சங்கத்தார் வாதாடினார்கள்; நெடுந்தூரப் பாதைகள் பலவற்றில் ஓடுகள் பெயர்க்கப்பட்டுத் தார் போடப்பட்டது.